தண்ணீரின் மேல் போட்ட பழி

2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, கொவிட்-19 நோயினால் இறந்தோரின் உடல்கள் தகனமே செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. அவ்விதி 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டதாகும். பம்பாயில் 1896 இல் தொடங்கிய பிளேக் துறைமுகங்களையெல்லாம் அச்சுறுத்திய காலத்துச் சட்டம் அது. இந்தியாவின் கொள்ளைநோய்ச் சட்டமும் அதே 1897 இல் பிறந்ததுதான். நோய் புதியது, அதை எதிர்கொள்ள ஓர் அரசு கையிலெடுக்கும் கருவிகளோ முந்திய அழிவுகள் விட்டுச் சென்றவை. எமது நாட்டில் எந்த அழிவு எதை விட்டுச் சென்றது என்று பிரித்துப் பார்க்காமல் ஜனாஸா எரிப்பின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

குடாநாட்டிலிருந்தே தொடங்கலாம். இங்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லுக்கடியில் தேங்கும் மழைநீரைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். ஆகையால் வாந்திபேதிக்கு இது வாய்ப்பான மண்ணாக இருந்தது. 1866, 67 ஆம் ஆண்டுகளில் அந்நோய் யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கெட்ட காற்றினால் நோய் பரவுகிறது என்பதே அன்று உலகெங்கும் வைத்தியர் பலரின் எண்ணம். குற்றவாளி தண்ணீர் என்று லண்டனில் ஜோன் ஸ்னோ 1854 இல் காட்டியிருந்தும் அதை ஏற்றுக்கொண்டோர் சிலரே. கிருமியை ரொபேட் கொக் அடையாளங்கண்டது 1883 இல்தான். அதன் பின்னரே கொதித்தாறிய நீரும் குளோரினும் வழக்கத்துக்கு வந்தன. வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதை இன்றும் காண்கிறோம். 2015 அளவில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி குடாநாட்டையே கலக்கியதும் நினைவிருக்கும். நிலத்தடி நீர் கெடும் என்று யாரும் சொன்னால் இங்குள்ளவர் காது கொடுத்தே ஆவர்.

இரண்டாவது அழிவு 1934, 35 இன் மலேரியா. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. குடாநாடு பெரிதும் தப்பிக்கொண்டது. ஆனால் அந்த அழிவிலிருந்து விளைந்த நன்மை எல்லோருக்கும் கிடைத்தது. கிராமிய வைத்தியசாலைகள் பெருகின, சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் வலுப்பெற்றன. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. 2020 மார்ச்சில் அரியாலைத் தேவாலய ஆராதனை ஒன்றின் பின் வடக்கில் தொற்றுத் தெரியவந்தபோது, யாருடன் யார் பழகினார் என்று வீடுவீடாகத் தேடியலைந்தவர்கள் இந்தப் பரிசோதகர்கள்தாம். நூறாண்டுப் பழக்கம் அங்கு கைகொடுத்தது.

மக்களுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு ஊரடங்கு புதிதல்ல. எனினும் அதே யுத்தம் இன்னொன்றையும் விட்டுச் சென்றிருந்தது. நோய்த்தடுப்பின் தேசிய நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. தனிமைப்படுத்தல் நிலையங்கள் பல படைமுகாம்களில் இயங்கின. படையினரிடம் கையளித்த பிள்ளை திரும்பாத வீடுகள் உள்ள ஊரில், இராணுவ பஸ்ஸில் ஏறு என்றால் எப்படியிருக்கும் என்பதைத் தெற்கிலிருந்து திட்டமிட்டவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி ஜனாஸா. அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 இல் வழிகாட்டியது. எமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் அடக்கத்துக்கு இடமளித்திருந்தது. மார்ச் 31 இல் அது மாற்றப்பட்டது. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே சொல்லப்பட்ட காரணம். 1866 இல் தண்ணீரில் வந்த நோய்க்குக் காற்றைப் பழித்தார்கள். 2020 இல் மூச்சினால் பரவிய நோய்க்குத் தண்ணீரைப் பழித்தார்கள். முன்னவர்களுக்கு அறிவு எட்டவில்லை. பின்னவர்களுக்கு அந்தச் சாட்டும் கிடையாது.

அறியாமை என்று இதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000 க்கும் அதிகமானோரைக் கொன்றது. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் வடமராட்சி கிழக்கிலும் கடற்கரை மணலில் கூட்டம் கூட்டமாக அடக்கினோம். நீரைக் காக்க அவர்களை எரியுங்கள் என்று அன்று அரசு கட்டளையிடவில்லை. இடையில் நடந்தது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. 260 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட அந்தக் கொடுமைக்குப் பின் முஸ்லிம் என்றாலே ஐயம். மே மாதத்தில் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் எமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நோய் வந்தபோது, மலேரியா தந்த நிதானம் உயிரோடிருந்தவர்களுக்குப் பயன்பட்டது; இறந்தவர்களின் விடயத்தில் இந்த ஐயமே முந்திக்கொண்டது.

கொள்ளைநோய் சமயங்களைப் பிரித்தே தீரும் என்றொரு நியதி கிடையாது. 1344 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, 1348 இல் திமிஷ்க் நகரில் கொள்ளைநோயைக் கண்டார். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களுடன் ஒன்றாக நடந்து சென்று பிரார்த்தித்ததை அவர் பதிந்துவைத்துள்ளார்.

2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் தகனத்துக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அம்மாதத்தில் பிறந்து 20 நாளேயான பாலகன் எரிக்கப்பட்டான். பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளுள் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றிய அதே மண்ணில், தமிழர்களின் பேரணி எமது மையித்துகளுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டு போய் முடிந்தது. சோனக தெருவுக்கு மீண்டு வந்தவர்களும் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் இதை மறக்கலாகாது.

பெப்ரவரி 25 இல் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. ஆனால் மார்ச் 2 இல் தெரிவான இடம் இரணைதீவு. பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த அத்தீவின் கத்தோலிக்க மீனவர்கள் 1992 இல் யுத்தத்தால் பெயர்ந்து, கடற்படை வசமிருந்த தங்கள் தீவுக்கு 2018 இல்தான் தாங்களாகவே படகேறித் திரும்பியவர்கள். குடியேறி மூன்றாண்டு ஆகுமுன் தீவை மயானமாக்குவதை அவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் எதிர்த்தார்கள். இரண்டு எதிர்ப்புக்கும் வேர் ஒன்றே. விரட்டப்பட்டவன் திரும்பிய நிலத்தில், வேறொரு விரட்டப்பட்டவனின் மையித்தைக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தார்கள். இரணைதீவு மக்களைக் குறைகூறிய எம்மவர் சிலர் 1990 ஐ ஒரு கணம் நினைத்திருந்தால் வாயை மூடியிருப்பர்.

மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஓராண்டு காலம் நாட்டின் எந்த மூலையில் வஃபாத்தானாலும் கொவிட் ஜனாஸா அங்குதான் சென்றது. 3,000 க்கும் மேற்பட்டோர் அங்கு துயில்கின்றனர். தம் குடும்பத்தார் அடக்கத்தை விரும்பிய இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் அவர்களுள் அடங்குவர். 2022 மார்ச்சில் அந்தக் கட்டாயம் நீங்கி, ஊர் மையவாடிகளிலேயே அடக்க வழி பிறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது. ஓட்டமாவடியில் உள்ளவர்களை ஸியாரத் செய்யக் குடும்பங்கள் பஸ்ஸேறிப் போகின்றன. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குப் போக ஓர் இடமில்லை.