கிங் நாள்: வாக்குரிமையும் ஓய்வும்

ஐக்கிய அமெரிக்காவில் ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நாள். அரசு விடுமுறை, அஞ்சலகமும் வங்கியும் மூடியிருக்கும். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கிங், 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில் இந்த விடுமுறைக்கான மசோதாவை ஜான் கான்யர்ஸ் காங்கிரஸில் கொண்டுவந்தார். அது சட்டமாவதற்குள் 15 ஆண்டுகள் ஓடிவிட்டன. 1983இல் அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார்; 1986 ஜனவரி 20 அன்று நாடு முதன்முறையாக விடுமுறை கொண்டாடியது. மாநிலங்களில் கடைசியாகத் தென் கரோலினா, 2000ஆம் ஆண்டில்தான், தன் ஊழியர்கள் அனைவருக்கும் இதைச் சம்பள விடுமுறையாக்கியது.

1994இல் ஜான் லூயிஸும் ஹாரிஸ் வொஃபர்டும் முன்னின்று நிறைவேற்றிய சட்டம் இதைச் சேவை நாளாகவும் ஆக்கியது. வீட்டில் இருப்பதற்கான நாளல்ல, வேலையில் இறங்குவதற்கான நாள் என்பது அதன் முழக்கம். அன்று பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பவர்கள் உண்டு, உணவுப் பொட்டலம் கட்டுபவர்கள் உண்டு, மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. கிங்கின் பெயரால் உழைப்பதா, ஓய்வெடுப்பதா என்ற சின்னச் சச்சரவும் அத்தோடு பிறந்தது. கிங் நடத்திய உரிமை இயக்கத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினால் இரண்டும் எதிரெதிரானவையாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் சேர, பெரும்பாலும் குடிமகனே முயன்று பதிய வேண்டும். தென் மாநிலங்கள் இந்த ஒரு விதியைக் கொண்டே கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தின. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, அரசியல் சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்வது என்று தடைகள் பல. அலபாமாவின் செல்மா நகரில் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருந்தது.

1963 அக்டோபர் 7, அப்படித் திறந்த ஒரு திங்கட்கிழமை. செல்மா அடங்கிய டல்லாஸ் மாவட்டத்தின் நீதிமன்ற வாசலில் ஏறக்குறைய 350 கறுப்பின மக்கள் வெயிலில் வரிசை கட்டினார்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் வரலாற்றாசிரியர் ஹாவர்ட் ஜின்னும் கூட இருந்து பார்த்தார்கள். வரிசையை விட்டு நகர்ந்தால் மறுபடி சேர விடமாட்டார்கள். அதனால் தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ யாரும் அசையவில்லை. பிற்பகலில் மாணவர் இயக்க இளைஞர்கள் இருவர் சாண்ட்விச்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வரிசையை நோக்கி நடந்தார்கள். மாநிலப் போலீஸ் அவர்களைக் கீழே தள்ளி, மாட்டை விரட்டும் மின்கோலால் குத்தி, கைது செய்தது. எதிர்ப்புறம் மத்திய அரசின் கட்டடம். அங்கே நின்ற எஃப்.பி.ஐ. ஆட்கள் குறிப்பெடுத்ததோடு சரி.

அதே ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று, வாக்குரிமை கேட்டு அணிவகுத்தவர்கள் மீது விழுந்த தடியடியை உலகமே அறியும். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் அதற்கு முன் 6.7 விழுக்காடு, 1967இல் 59.8 விழுக்காடு. ஒரு சட்டம் இரண்டே ஆண்டில் இவ்வளவு செய்து காட்டியது அபூர்வம்.

இந்தச் சட்டத்தின் பல், முன் அனுமதி விதி. வாக்குரிமையை மறுத்த பழைய பின்னணியுள்ள மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்லைப் பிடுங்கியது. எந்தெந்த மாநிலங்கள் என்று கணக்கிடும் சூத்திரத்தை அது செல்லாது என்றதும், முன் அனுமதி வெறும் ஏட்டில் நின்றது. நிறுத்தி வைத்திருந்த அடையாள அட்டைச் சட்டத்தைச் செயல்படுத்தப் போவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது.

வரிசை மறுபடி நீண்டது. 2020 ஜூனில் வேட்பாளர் தேர்வுக்கான முதனிலைத் தேர்தலில் அட்லாண்டா வட்டாரத்தில் பலர் மணிக்கணக்கில் நின்றார்கள். மறு ஆண்டு ஜார்ஜியா இயற்றிய சட்டம், வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்போருக்கு வெளியாட்கள் உணவோ நீரோ கொடுப்பதைக் குற்றமாக்கியது. தாகமெடுத்தவர் தாமே பிடித்துக் குடிக்க, தேர்தல் ஊழியர்கள் தண்ணீர் வைக்கலாம், அவ்வளவுதான். செல்மாவின் மின்கோல் இங்கே இல்லை. ஆனால் தாகத்தோடு நிற்பவரிடம் ஒரு பாட்டிலை நீட்டுவது சட்ட விவகாரமாவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

2022இல் கிங்கின் குடும்பத்தார் வழக்கமான கொண்டாட்டம் வேண்டாம், வாக்குரிமை மசோதா நிறைவேறட்டும் என்றனர். கிங் நாளான ஜனவரி 17 அன்று வாஷிங்டனில் பிரெடரிக் டக்ளஸ் பாலத்தில் பேரணி போனார்கள். முன் அனுமதியை மீட்பதோடு, தேர்தல் நாளைப் பொது விடுமுறையாக்கவும் அந்த மசோதா வழி செய்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தேர்தல் நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வருகிறது. மணிக்கூலிக்கு வேலை செய்பவர் வாக்கா, கூலியா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஜனவரி 19 அன்று செனட்டில் மசோதா முடங்கியது.

ஓய்வின் கதை இன்னும் பழையது. தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில் உள்ள பென் மையம், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1862இல் தொடங்கிய பள்ளிக்கூடம். பள்ளி மூடிய பின் சமூக மையமானது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் இரவு தங்க அந்த மாநிலத்தில் மிகச் சில இடங்களே இருந்தன; இது அதில் ஒன்று. 1960களில் கிங்கும் அவரது அமைப்பினரும் இங்கே வந்து நாள்கணக்கில் தங்கினார்கள். பாசி தொங்கும் ஓக் மரங்கள், உப்பங்கழி, தொலைபேசித் தொல்லை இல்லாத மாலைகள். முழு ஓய்வு என்று சொல்லிவிடவும் முடியாது. 1967 நவம்பரில் ஏழை மக்கள் இயக்கம் பற்றிய விவாதம் இங்கேதான் நடந்தது.

அவர்களுக்கு ஓய்வு தேவைப்பட்டதில் ஐயமில்லை. 1964 அக்டோபரில் நோபல் அமைதிப் பரிசுச் செய்தி வந்தபோது கிங், களைப்பு மிகுந்து அட்லாண்டாவில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் அதே காலத்தில் மாணவர் இயக்கத் தொண்டர்களைக் கவனித்து, போர்முனைச் சிப்பாய்க்கு வரும் சோர்வுக்கு இணையானது அவர்களுக்கும் வருவதை எழுதினார்.

ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கையில் வாக்குரிமை, ஓய்வு என்ற இந்த இரு இழைகளும் பின்னிக் கிடக்கின்றன. மிசிசிப்பிப் பருத்திப் பண்ணையில் 18 ஆண்டு வேலை செய்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேராகப் பழைய பஸ் ஒன்றில் வாக்காளராகப் பதியப் போனார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்து ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. பஸ் மஞ்சளாக இருந்ததாம், பள்ளி பஸ் மாதிரி தெரிகிறதாம். அன்றே ஹேமரைப் பண்ணையை விட்டு விரட்டினார்கள். அடுத்த ஜூனில், குடியுரிமைப் பயிற்சி முடித்து ஊர் திரும்பியபோது வினோனா சிறையில் விழுந்த அடி அவர் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1964 செப்டம்பரில் பாடகர் ஹாரி பெலஃபான்டே, சோர்ந்து போயிருந்த தொண்டர்கள் சிலரை மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு ஓய்வுக்காக அழைத்துப் போனார். அங்கே ஹேமர் குளித்துக்கொண்டிருந்த நேரம், அதிபர் செக்கு டூரே பார்க்க வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, அவர் கேலி என்றே நினைத்தாராம். சொந்த ஊரில் பதிவு எழுத்தரைக்கூட எளிதில் பார்க்க முடியாத பெண்மணி. அவர் 1977இல், 59 வயதில் காலமானார்.

அட்லாண்டாவில் 2016இல் ட்ரிஷியா ஹெர்சி தொடங்கிய 'நாப் மினிஸ்ட்ரி' ஓய்வு என்ற இழையைப் பிடித்தது. அடிமை முறை பறித்தவற்றில் தூக்கமும் ஒன்று, ஆகவே கறுப்பினத்தவர் படுத்து உறங்குவதே எதிர்ப்பு என்பது அவர் வாதம். பாய் தலையணை விரித்து, கூடி உறங்கும் நிகழ்ச்சிகள் நடத்தினார். 2022இல் வந்த அவரது நூல் பரவலாக விற்றது. இன்னும் அதிகம் உழைக்கத் தெம்பு தேடுவதல்ல ஓய்வு என்று அவர் பிரித்துச் சொல்வது சரிதான். உறக்கத்தால் மட்டும் வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரும் ஏறாது என்பதும் அதே அளவு சரி. பென் மையத்துக்குப் போனவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மையத்தில், நீரோரமாக, கிங் அமைதியாகத் தங்கி எழுதுவதற்கென்றே ஒரு வீடு 1968இல் எழுந்தது. அதில் ஒரு நாள்கூட அவர் தங்கவில்லை.