ரொறன்ரோ மாநகர வீதிகள்: நடையும் சக்கரமும்

பாதசாரிகளும், சக்கர நாற்காலியில் செல்வோரும், துவிச்சக்கரவண்டி ஓட்டுவோரும் அபாயமின்றிப் பிரயாணம் செய்யுமாறு ரொறன்ரோ நகர வீதிகளைச் சீர்படுத்தும் முயற்சி, அடிப்படையில், பதினெட்டாம் நூற்றாண்டு நில அளவையாளர் விட்டுச்சென்ற அகலத்தை நியாயமாகப் பங்கிடும் முயற்சியேயாகும்.

பூர்வ சரித்திரம்: துணை ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ 1793இல் ஒன்ராறியோ ஏரிக்கரையில் பத்தே கட்டங்கள் கொண்ட சிற்றூராக ஸ்தாபித்த யோர்க், 1834இல் ரொறன்ரோ என்ற பெயருடன் நகர அந்தஸ்து எய்தியது. இன்று குயின் வீதி எனப்படும் நேர்கோட்டினை ஆதாரமாகக் கொண்டு, வடக்கே நூறு சங்கிலிக்கு ஒன்றாக, அதாவது ஏறத்தாழ 2 கிலோமீற்றருக்கு ஒன்றாக, பெருவீதிகள் வகுக்கப்பட்டன. புளோர், சென் கிளயர், எக்லின்ரன், லோரன்ஸ் ஆகியவை அவ்வரிசையில் தோன்றியவை. வீதிக்கென ஒதுக்கப்பட்ட அகலம் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. மனிதரும் குதிரை வண்டியும் பொதுவில் அனுபவித்த அவ்வகலத்துள் 1861இல் குதிரை இழுக்கும் டிராமும், 1892இல் மின்சார டிராமும், பின்னர் மோட்டார் வாகனங்களும் புகுந்தமையால், நடப்போர்க்குரிய பங்கு ஓரத்துக்கு ஒதுங்கியது. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் சிறு தெருக்களைத் துண்டிப்பதால், நகரைக் குறுக்கே கடக்க விரும்புவோர் யாவரும் பெருவீதிகளையே நாட வேண்டியுள்ளது. 1918இல் திறக்கப்பட்ட டொன் பள்ளத்தாக்குப் பாலம் புளோரையும் டன்ஃபோர்த்தையும் இணைத்தது இதற்குத் தக்க உதாரணம். ஆகவே துவிச்சக்கரவண்டித் தடங்களுக்கு உரிய ஸ்தானம் பெருவீதிகளே. நகர மையம் நோக்கி மோட்டார் வாகனங்களுக்கென அமைக்கப்பட்டுவந்த ஸ்பாடினா விரைவுச்சாலையை 1971இல் ஒன்ராறியோ மாகாண முதல்வர் பில் டேவிஸ் நிறுத்தியமை, வீதி வாகனத்துக்கு மட்டுமே உரியதன்று என்னும் கொள்கைக்குக் கிட்டிய முதற்பெரும் வெற்றியாகும்.

வகைகள்: துவிச்சக்கரவண்டிப் பாதைகள் மூவகைப்படும். வெறுங்கோட்டால் குறிக்கப்பட்டவை முதல் வகை. 1979இல் பொப்ளர் பிளெயின்ஸ் வீதியில் இவை ஆரம்பமாயின. கல்லாலோ கம்பத்தாலோ வாகனங்களிலிருந்து பிரிக்கப்பட்டவை இரண்டாம் வகை; இவையே உத்தமம். ஏரிக்கரையிலும் பள்ளத்தாக்குகளிலும் நடப்போருடன் பகிர்ந்துகொள்ளப்படுபவை மூன்றாம் வகை. நடைபாதைகளைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலிக்கு அவற்றின் விளிம்பில் சரிவும், பார்வையற்றோர்க்குப் பாதத்தால் உணரத்தக்க புடைப்புத் தகடும் அவசியம்; இவற்றுக்கு மாகாணத்தின் 2005ஆம் ஆண்டு அணுகல் சட்டம் ஆதாரமாயிற்று.

தற்கால நிலை: புளோர் வீதித் தடங்கள் 2016இல் பரீட்சார்த்தமாக அமைந்து மறுவருடம் நிரந்தரமாயின. புளோர், யங், யுனிவேர்சிற்றி வீதிகளின் தடங்களை அகற்ற மாகாண அரசு 2024இல் இயற்றிய சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளிக்க, அரசு மேன்முறையீடு செய்தது.