நீண்டுபோன விமானமும் நீளாத ஓடுபாதையும்

மாசிமகத் தீர்த்தவாரி நடக்கும் வைத்திக்குப்பம் கடற்கரையில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி லாசுப்பேட்டை விமான நிலையம் இருக்கிறது. 2017-ல் ஸ்பைஸ்ஜெட்டும், 2024 டிசம்பரில் இண்டிகோவும் இங்கே சேவை தொடங்கின. இரண்டும் கொண்டுவந்தவை 80 இருக்கைக்கும் குறைவான புரொப்பல்லர் விமானங்களே. ஜெட் விமானம் ஏன் வரவில்லை? ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர்தான்!

ஜெட் விமானங்களோ வளர்ந்துகொண்டே போயின. 1967-ல் முதன்முதலில் பறந்த போயிங் 737-100-ன் நீளம் 28.6 மீட்டர். 2021-ல் பறந்த 737 மேக்ஸ் 10-ன் நீளம் 43.8 மீட்டர். உடலை நீட்டினால் இருக்கைகள் கூடும். விமானிகள் அதே இரண்டு பேர்தான். எனவே ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு குறையும். இது நிறுவனத்தின் கணக்கு.

விமானிகளின் கணக்கு வேறு. நீண்ட விமானத்தின் மூக்கை அதிகம் தூக்கினால் வால் தரையில் உரசிவிடும். அதனால் மூக்கைக் குறைவாகத் தூக்கி, கூடுதல் வேகத்தில் கிளம்ப வேண்டும். இறங்கும்போதும் வேகம் அதிகம். கோடை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஓடும் தூரம் இன்னும் கூடும். பாதை போதாவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும். அதாவது, நீட்டிச் சேர்த்த இருக்கைகளில் சில காலியாகப் போகும்! இந்தத் தொல்லையைக் குறைக்கவே மேக்ஸ் 10-ல் கிளம்பும் நேரத்தில் சற்று நீளும் சக்கரக் கால்களை வைத்தார்கள்.

லாசுப்பேட்டை ஓடுபாதையை நீட்டப் பக்கத்தில் உள்ள தமிழக நிலமும் தேவை. விமானத்தைத் தொழிற்சாலையில் நீட்டிவிடலாம். ஓடுபாதை நீள வேண்டுமானால் யாரோ தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.