மக்கள் எதிர்க்கும் போரை ராணுவத் தளபதி நியாயப்படுத்திப் பேசலாமா? அமைதிப்படை அனுபவம் சொல்வது என்ன?

போருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசு. களத்தில் நிற்பது ராணுவம். சரி, அந்தப் போர் மக்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டால்? கேமரா முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டியது அமைச்சரா, சீருடையில் இருக்கும் தளபதியா?

அமெரிக்காவில் வியட்நாம் போர்க் காலத்தில் இருந்தே நடக்கும் விவாதம் இது. தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை, இங்கே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அப்போது தளபதிகள் எங்கே பேசினார்கள், எங்கே பேசவில்லை, அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? பார்க்கலாம்.

அமைதிப்படை: சுருக்கமாக என்ன நடந்தது?

1987 ஜூலை 29: கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர்.ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்தியப் படைகள் பலாலியில் இறங்கத் தொடங்கின. தங்களைப் பாதுகாக்க வந்த படை என்று யாழ்ப்பாணத் தமிழர்கள் முதலில் வரவேற்றனர்.

1987 செப்டம்பர் 26: நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த திலீபன் உயிரிழந்தார். வரவேற்பு கோபமாக மாறத் தொடங்கியது.

1987 அக்டோபர் 5: இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு பலாலியில் வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 விடுதலைப் புலிகள் சயனைடு அருந்தி இறந்தனர். ஒப்பந்தம் கிட்டத்தட்ட அன்றே முறிந்தது.

1987 அக்டோபர் 10: 'ஆபரேஷன் பவன்' தொடங்கியது. அமைதி காக்கப் போன படை, புலிகளுடன் நேரடிப் போரில் இறங்கியது. அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டனர். அந்தச் செய்தி தமிழ்நாட்டில் ஆறாத காயமானது.

1989 ஜூன்: இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாசா, இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பகிரங்கமாகக் கெடு விதித்தார்.

1990 மார்ச் 24: வி.பி.சிங் அரசின் காலத்தில், கடைசி இந்திய வீரர்கள் திருகோணமலையில் இருந்து கிளம்பினர்.

இந்த 32 மாதங்களில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். 1987 நவம்பர் 25-ல் வீரமரணம் அடைந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

மூடிய அறைக்குள் தளபதிகள் என்ன சொன்னார்கள்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. போர் நடந்தபோது பொதுமக்கள் காதுக்கு வராத பல தகவல்கள், பிறகு வெளியான புத்தகங்களில்தான் வந்தன.

அப்போது தரைப்படைத் தளபதியாக இருந்தவர் ஜெனரல் கே.சுந்தர்ஜி. செங்கல்பட்டில் பிறந்த தமிழர். புலிகள் எதிர்த்தால் சமாளிக்க முடியுமா என்று ராஜீவ் காந்தி கேட்டபோது, சில வாரங்களிலேயே அடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி சொன்னதாக, அன்றைய இந்தியத் தூதர் ஜே.என்.தீட்சித் 1998-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார்.

அமைதிப்படையின் ஒட்டுமொத்தப் பொறுப்பில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தெபிந்தர் சிங் 1992-ல் எழுதியது வேறு. ஆயுத வழியில் போனால் நீண்ட காலக் கிளர்ச்சியில் மாட்டிக்கொள்வோம் என்று தான் எச்சரித்ததாகவும், அதற்காகக் கண்டிக்கப்பட்டதாகவும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் 54-வது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கின் புத்தகம் 2007-ல் வந்தது. பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யுங்கள் அல்லது சுட்டுவிடுங்கள் என்று தூதர் தீட்சித் தன்னிடம் கூறியதாகவும், வெள்ளைக் கொடியோடு வருபவரை ராணுவம் சுடாது என்று தான் மறுத்ததாகவும் அதில் குற்றம்சாட்டினார்.

மூன்று புத்தகங்கள், மூன்று விதமான கதைகள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீட்சித்தின் புத்தகம் வந்த மறு ஆண்டே, 1999 பிப்ரவரியில் சுந்தர்ஜி காலமானார். ஹர்கிரத் சிங் எழுதியபோது தீட்சித் உயிரோடு இல்லை. அவர் 2005-லேயே இறந்துவிட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு நாட்டுக்குக் கிடைக்கவே இல்லை.

1987-ல் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரு எம்.பி.க்கு இந்தக் கருத்து வேறுபாடு முறைப்படி தெரிந்திருந்தால், அரசிடம் கேட்கப்பட்டிருக்கும் கேள்விகளே வேறு. தளபதி மேடையேறி அரசியல் பேசாதது தப்பில்லை. அவருடைய தொழில்முறைக் கருத்து, கேட்க வேண்டியவர்களின் காதுக்குப் போகாததுதான் பிரச்சினை.

விலை கொடுத்தது யார்?

படை திரும்பி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அன்றைய முதலமைச்சர் மு.கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. தேசிய அளவில் அதற்குக் கண்டனமும் எழுந்தது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசலாம். ஆனால் அந்தக் கப்பலில் இருந்து இறங்கிய சாதாரண சிப்பாய்க்கு ஒப்பந்தத்தின் ஷரத்துகளிலோ, டெல்லியில் நடந்த ஆலோசனையிலோ எந்தப் பங்கும் கிடையாது. அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபம் போனவர்கள் மேல் இறங்கியது. யார் முடிவு, யார் ஆலோசனை, யார் கீழ்ப்படிந்தவர் என்ற கோடு அழிந்துபோனால் நடப்பது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டமும், 1954-ம் ஆண்டின் ராணுவ விதிகளும் சில தடைகளை வைத்திருக்கின்றன.

விதி 20: பணியில் இருப்பவர் கட்சிக் கூட்டத்தில் கலந்துகொள்ளவோ பேசவோ கூடாது. கட்சியில் சேரவோ நிதி கொடுக்கவோ கூடாது. வேட்பாளராகத் தன்னை அறிவிக்கவும் கூடாது.

விதி 21: அனுமதி இல்லாமல் அரசியல் விஷயம் பற்றியோ, பணி சார்ந்த விஷயம் பற்றியோ பத்திரிகைக்கு எழுதவோ பேசவோ கூடாது.

அப்படியென்றால் அவர்களுக்கு அரசியலே கிடையாதா? வாக்குரிமை உண்டு. உதாரணத்துக்கு, மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஒருவர் லடாக் எல்லையில் பணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சர்வீஸ் வாக்காளர்' என்ற முறையில், சட்டமன்றத் தேர்தலில் சோழவந்தான் தொகுதிக்கும், மக்களவைத் தேர்தலில் தேனி தொகுதிக்கும் அங்கிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். தனக்குப் பதிலாக ஓட்டுப் போட ஊரில் ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். ஆனால் லீவில் ஊருக்கு வரும்போது வாடிப்பட்டியில் நடக்கும் கட்சிப் பொதுக்கூட்டத்தில் மேடையேற முடியாது. சிப்பாய்க்கும் இதே விதி, ஜெனரலுக்கும் இதே விதி.

ஓய்வு பெற்ற பிறகு தடை எதுவும் இல்லை. 2012-ல் ஓய்வு பெற்ற முன்னாள் தரைப்படைத் தளபதி வி.கே.சிங், 2014-ல் பாஜகவில் சேர்ந்து காசியாபாத்தில் வென்று மத்திய இணையமைச்சர் ஆனார்.

விளக்கம் எது, அரசியல் எது?

சட்டம் கட்சி அரசியலைத் தடுக்கிறது. ஆனால் அரசின் கொள்கையை ஆதரித்துப் பேசுவது? அங்கே கோடு மங்கலாக இருக்கிறது. சமீபத்திய இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டால் புரியும்.

2025 மே 7-ல் 'ஆபரேஷன் சிந்தூர்' பற்றி கர்னல் சோபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும், வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் செய்தியாளர்களைச் சந்தித்தனர். எந்த இடங்கள் தாக்கப்பட்டன என்று ராணுவ அதிகாரிகள் சொன்னார்கள். ஏன் தாக்கினோம் என்ற அரசின் வாதத்தை வெளியுறவுச் செயலர் சொன்னார். வேலை பிரிந்திருந்தது.

2022 ஜூனில் நடந்தது வேறு. நான்கு ஆண்டு பணி, அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கு மட்டுமே நிரந்தர வேலை என்ற அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் பல மாநிலங்களில் இளைஞர்கள் கொந்தளித்தனர். திட்டத்தைத் திரும்பப் பெறும் பேச்சே இல்லை என்று செய்தியாளர்களிடம் அறிவித்தவர், சீருடையில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் அனில் பூரி. சேர விரும்புவோர் போராட்டத்திலோ வன்முறையிலோ ஈடுபடவில்லை என உறுதிமொழி தர வேண்டும் என்றும் அவர் கூறினார். பயிற்சி எப்படி இருக்கும், சம்பளம் எவ்வளவு என்று ராணுவ அதிகாரி விளக்கலாம். கொள்கை வாபஸ் ஆகுமா ஆகாதா என்பது அமைச்சர் சொல்ல வேண்டிய பதில் என்று விமர்சனம் எழ இதுவே இடம் கொடுத்தது.

மக்களுக்குப் பிடித்த நடவடிக்கை என்றால் கதை தலைகீழ். அப்போது அரசியல்வாதிகளே சீருடையைத் தேடி வருவார்கள். பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு, 2019 மார்ச் 9-ல் பிரசாரத்தில் ராணுவத்தினரின் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

அமெரிக்கா கற்றுக்கொண்ட பாடம்

வியட்நாம் போருக்கு எதிர்ப்பு வலுத்தபோது, அதிபர் ஜான்சன் தன் தளபதி வில்லியம் வெஸ்ட்மோர்லேண்டை நாட்டுக்கு வரவழைத்துப் பேச வைத்தார். 1967 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். நவம்பரில் போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற தொனியில் நம்பிக்கை தந்தார். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி இறுதியில் 'டெட்' தாக்குதல் நடந்தது. போனது ஜான்சனின் பெயர் மட்டுமில்லை, ராணுவத்தின் வார்த்தைக்கு இருந்த மதிப்பும்தான்.

2003-ல் இதற்கு நேர்மாறான சம்பவம். ஈராக்கை நிர்வகிக்க எத்தனை வீரர்கள் தேவை என்று செனட் குழு கேட்டது. பல லட்சம் பேர் தேவைப்படலாம் என்றார் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி. போர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டதற்குத் தொழில்முறைக் கணக்கைச் சொன்னார். பாதுகாப்புத் துறை மேலிடம் அதைப் பகிரங்கமாக மறுத்தது. ஆனால் அடுத்த ஆண்டுகளில் ஈராக்கில் நடந்தது ஷின்செகியின் கணக்கைத்தான் நினைவூட்டியது.

இலங்கையின் பொன்சேகா கதை

2009-ல் போரை முடித்த ராணுவத் தளபதி சரத் பொன்சேகா, அதே ஆண்டு பதவி விலகி, 2010 ஜனவரி அதிபர் தேர்தலில் மஹிந்த ராஜபக்சவை எதிர்த்து நின்றார். தோற்ற சில நாட்களில், பிப்ரவரி 8-ல் கைது செய்யப்பட்டார். சீருடையில் இருக்கும்போதே அரசியல் செய்தார் என்று ராணுவ நீதிமன்றம் அவர் பதவிகளைப் பறித்தது. 2015-ல் ஆட்சி மாறியதும் அவரே பீல்ட் மார்ஷல் ஆக்கப்பட்டார்.

இன்னொரு முரண்: போரில் நொறுங்கிப்போன வடக்கு, கிழக்குத் தமிழர் பகுதிகளில் அந்தத் தேர்தலில் முன்னிலை பெற்றவர் பொன்சேகாதான். தளபதி அரசியலுக்குள் வந்துவிட்டால், அவருடைய வீரமும் குற்றமும் ஆட்சிக்கு ஆட்சி மாறும் சரக்காகிவிடுகின்றன.

'தளபதி பேசாவிட்டால் வீரர்களுக்காக யார் பேசுவது?'

நியாயமான கேள்வி. எதிர்ப்பு வலுக்கும்போது அமைச்சர் ஒதுங்கிக்கொண்டால், களத்தில் இருப்பவர்கள் அநாதையாகத் தெரிவார்கள். அமைதிப்படை வீரர்களுக்கு நேர்ந்ததும் அதுதானே?

ஆனால் தளபதி போரின் வக்கீலாக மாறினால் இரண்டு விஷயங்கள் நடக்கும். முதலாவது, போரை விமர்சிப்பவர் ராணுவத்தை அவமதிப்பவராகக் காட்டப்படுவார். கேள்வி கேட்பதே கஷ்டமாகிவிடும். இரண்டாவது, அடுத்து வரும் அரசு அந்தத் தளபதியை நம்பாது. தனக்குத் தோதாகப் பேசும் ஆளைத் தேடும்.

அப்போ தளபதி என்னதான் செய்யலாம்?

முடிவுக்கு முன்னால் உள்ளே வெளிப்படையாகப் பேசலாம். 1971 ஏப்ரலில் உடனே போருக்குப் போகச் சொன்ன இந்திரா காந்தியிடம், படை தயாரில்லை, மழைக்காலம் வருகிறது என்று மறுத்ததாகவும், தேவையென்றால் ராஜினாமா செய்யத் தயார் என்றதாகவும் சாம் மானெக்‌ஷா பின்னாளில் சொன்னார். போர் டிசம்பரில் நடந்தது. 13 நாளில் முடிந்தது.

நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அது மூடிய கதவுக்குள் நடப்பது, ஆனால் எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இருக்கும் இடம்.

களத்தில் என்ன நடந்தது என்பதைப் பொதுவெளியில் விளக்கலாம். தவறு நடந்திருந்தால் அதையும் சேர்த்து.

மனசாட்சி ஒப்பவில்லை என்றால் பதவியை விட்டு விலகலாம். 20 ஆண்டு கழித்துப் புத்தகம் எழுதுவதைவிட, அந்த நேரத்தில் அது அதிகம் பேசும்.

டிவியில் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அடுத்த முறை சீருடையில் ஒருவர் பேட்டி கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் நடந்ததைச் சொல்கிறாரா, அல்லது முடிவு சரி என்று வாதாடுகிறாரா? அவர் பக்கத்தில், முடிவெடுத்த அரசின் பிரதிநிதி இருக்கிறாரா? எதிர்க்கருத்து சொல்பவர்களைப் பற்றி அவர் ஏதாவது சொல்கிறாரா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், அது ராணுவத்தின் வேலை கிடையாது. அந்த இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர், உங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்தான்.