கரையும் வளையமும்: ஹைதராபாத் ஏரிகளில் நடைபாதையின் வரலாறு

ஹைதராபாத்தின் உசேன் சாகர் ஏரிக்கரையான டேங்க் பண்டில் விடியற்காலையில் நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் நகரத்தைவிட மூத்த ஒரு மேட்டின்மீது செல்கின்றனர். இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில், 1562ஆம் ஆண்டளவில், உசேன் ஷா வலியின் மேற்பார்வையில் அந்தக் கரை எழுப்பப்பட்டது. ஹைதராபாத் நகரம் உருவானது 1591இல். 1806இல் செகந்திராபாத் பெயர்பெற்று வளரத் தொடங்கிய பின்னர், நிஜாமின் நகரையும் ஆங்கிலேயரின் படைமுகாமையும் இணைக்கும் வழியாகவும் அதே கரை அமைந்தது. உலாவுக்காக அமைக்கப்பட்ட பாதையன்று அது. நீரைத் தேக்கும் அணையின் முதுகு.

இன்று ஏரியை மேம்படுத்துவது என்றாலே நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் அமைப்பது என்றாகிவிட்டது. இத்தகைய பாதைகள் பெரும்பாலும் ஏரியை முழுமையாகச் சுற்றிவர முனைகின்றன. கரைமேல் செல்லும் பாதையும் ஏரியைச் சுற்றும் பாதையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால், முதலாவது ஏரியை உண்டாக்குவது. இரண்டாவது, இடம் தவறினால், ஏரியைக் குறைப்பது. இவ்வேறுபாட்டின் வேர் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது.

சுற்றுப்பாதை இயல்பாகப் பொருந்தும் ஏரிகள் உலகில் உண்டு. ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியிலுள்ள லாஹர் ஏரி, ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலை வெடிப்பால் உண்டான பள்ளத்தில் அமைந்தது. பரப்பு சுமார் 3.3 சதுர கிலோமீட்டர். ஆழம் 50 மீட்டருக்கும் மேல். நாற்புறமும் மேடு சூழ்ந்திருப்பதால் இயற்கையான வடிகால் அதற்கு இல்லை. 1093இல் நிறுவப்பட்ட மரியா லாஹ் மடத்தின் துறவியர், பெருகிய நீர் மடத்தை அச்சுறுத்தியதால், 12ஆம் நூற்றாண்டில் சுரங்கம் வெட்டி அதனை வெளியேற்ற நேர்ந்தது. அத்தகைய கிண்ண ஏரியின் விளிம்பில் ஒருவர் சுற்றிவரும்போது, இயற்கை முன்பே வரைந்துவைத்த வட்டத்தையே பின்பற்றுகிறார்.

ஹைதராபாத்தின் பாறைகளும் நெருப்பில் பிறந்தவையே. ஆனால் அவை எரிமலை வாய்வழியே வெளிவந்தவை அல்ல. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய கருங்கற்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து உருவான தக்காணக் கரும்பாறைப் படுகை, நகருக்கு மேற்கே விகாராபாத் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நீண்ட காலம் மழையும் வெயிலும் தேய்த்ததால், கருங்கல் நிலம் குன்றுகளும் மெல்லிய சரிவுகளுமாக மாறியது. இங்கே கிண்ணங்கள் இல்லை. மக்கள் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கரையை எழுப்பினர். மேற்பக்கத்தைத் திறந்தே விட்டனர். கரையோரத்தில் நீர் ஆழமாக நிற்கும். மேலே செல்லச் செல்ல மெலிந்து, எல்லை தெரியாமல் நிலத்தோடு கலக்கும். மழைக்காலத்தில் அவ்வெல்லை விரியும், கோடையில் சுருங்கும்.

இவ்வமைப்பின் உறுப்புகள் அனைத்திற்கும் மக்கள் வழக்கில் பெயருண்டு. தெலுங்கில் பெரிய ஏரி செருவு, சிறியது குண்ட. கரை ‘கட்ட’ எனப்படும்; தமிழின் ‘கட்டு’ அதன் உறவுச்சொல். மதகைக் குறிக்கும் ‘தூமு’, தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் ‘தூம்பு’ என்பதற்கு இனமானது. மிகைநீர் வழியும் கலிங்கு அங்கே ‘அலுகு’. இவற்றுள் கருதத்தக்க சொல் ‘சிகம்’. நீர் நிறையும்போது ஏரியாகவும், வடியும்போது பயிரிடும் நிலமாகவும் இருக்கும் பரப்பைத் தெலங்கானா வருவாய்த் துறை வழக்கு அவ்வாறு குறிக்கிறது. தமிழில் ‘ஏரி உள்வாய்’ என்னும் வழக்கு இதற்கு நெருக்கமானது. ஏரியின் எல்லை ஒரு கோடன்று, ஒரு பரப்பு என்னும் அறிவு இச்சொற்களில் பதிந்துள்ளது.

கரைமேல் நடப்பது பண்டு ஒரு தொழிலாகவும் இருந்தது. தெலங்கானா ஊர்களில் நீரடி எனப்பட்டவர் கரையில் நடந்து கசிவையும் எலி வளையையும் கவனிப்பார். மதகைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவார். தமிழ்நாட்டின் நீர்க்கட்டியும் மடைக்குடும்பரும் அதே பணியினர். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுவது, இக்காவல் ஊராட்சியின் அங்கமாக இருந்ததைக் காட்டுகிறது. காவலைத் தெய்வத்திடமும் ஒப்படைத்தனர். மதுராந்தகத்தில் ஏரி காத்த இராமர்; தெலங்கானாவில் கட்ட மைசம்மா. உசேன் சாகர் கரையின் கீழ்ப்புறத்திலும் கட்ட மைசம்மா கோயில் கொண்டிருக்கிறாள்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி நகரை அழித்தது. விசுவேசுவரய்யாவின் ஆலோசனைப்படி வெள்ளத்தைத் தடுக்க எழுந்த உஸ்மான் சாகர் 1920இலும், ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன. குடிநீர் அவற்றிலிருந்து குழாய்வழி வந்தபின், நகருக்குள் இருந்த பழைய ஏரிகள் படிப்படியாகத் தம் பயனை இழந்தன. கரைக்குக் கீழே வயல்கள் வீட்டுமனைகளாயின. நீரடியின் பணி மறைந்தது. அவர் விட்டுச்சென்ற கரையில் உலாவுவோர் வந்தனர். 1990களின் பிற்பகுதியில் உசேன் சாகரின் எதிர்க்கரையில் நெக்லஸ் சாலை அமைந்தபோது, ஒருபக்கக் கரையுடைய ஏரி ஏறக்குறைய முழு வளையத்துக்குள் வந்தது. குக்கட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் ஓடைகள் இப்போது அவ்வளையத்தைக் கடந்தே ஏரியை அடைகின்றன. ‘நெக்லஸ்’ என்னும் பெயரே, ஏரி ஓர் அணிகலனுக்குரிய கழுத்தாக மாறியதைச் சொல்கிறது.

விதிகளின்படி ஏரியின் எல்லை அதன் முழு நீர்மட்டம். 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளுக்கு அதனைச் சுற்றி 30 மீட்டரும், சிறியவற்றுக்கு 9 மீட்டரும் காப்பு நிலமாக விடப்பட வேண்டும். நடைபாதைக்கென எழுப்பும் மண்மேடு முழு நீர்மட்டத்துக்கு உள்ளே அமைந்தால், மேட்டுக்கு வெளியே விடுபட்ட சிகம் நிலம் ஏரியின் கணக்கிலிருந்து நழுவுகிறது. நாளடைவில் அது மனையாகிறது. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் ஏரிக்குள் புக வழியின்றித் தெருக்களில் தேங்குகிறது. 2020 அக்டோபரில் நகரைத் தாக்கிய பெருமழையில் சில ஏரிக்கரைகள் உடைந்து, தாழ்வான குடியிருப்புகள் மூழ்கின. தனக்குரிய இடம் பறிபோன நீர் பழைய வழியையே தேடும்.

எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. வேலியும் பாதையும் இல்லாத ஏரியில் இரவோடிரவாகக் கட்டட இடிபாடுகள் கொட்டப்படுகின்றன. நாள்தோறும் மக்கள் நடக்கும் ஏரியில் அது எளிதன்று. அவ்வகையில் இன்று உலாவுவோர் நீரடியின் வாரிசுகளே. ஆகவே கேள்வி பாதை வேண்டுமா என்பதன்று, எங்கே என்பதே. கரைமேலும், முழு நீர்மட்டத்துக்கு வெளியேயும் செல்லும் பாதை, ஓடைகள் சேருமிடங்களில் பாலமாக உயர்ந்தால், ஏரிக்குத் தீங்கில்லை. மிதிவண்டிப் பாதைக்கு ஏரி கட்டாயத் தேவையும் அன்று. 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட 23 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை, தென்கொரிய முன்மாதிரியைத் தழுவி, வெளிவட்டச் சாலையை ஒட்டிச் சூரிய மின்தகடுகளின் நிழலில் செல்கிறது.

2015இல் தொடங்கிய மிஷன் காகதியா, தெலங்கானாவின் சுமார் 46,000 ஏரிகளைச் சீரமைக்க முனைந்தபோது, தூர்வாரல், கரை, மதகு, அலுகு என்னும் பழைய வரிசையிலேயே பணிகளை வகுத்தது. நகர ஏரிகளுக்கு வரையப்படும் வரைபடங்களில் முதலில் இடம்பெறுவதோ நடைபாதையின் நீளம். அவ்வரைபடத்தில் கட்ட எது, தூமு எது, அலுகு எது, சிகம் எதுவரை என்று முதலில் குறித்துவிட்டால், பாதைக்குரிய இடம் தானே தெளிவாகும்.