நேட்டாலின் மொழித் தேர்வும் முறையீட்டின் முடிவும்

1897ஆம் ஆண்டில் நேட்டால் இயற்றிய குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இந்தியர் என்னும் சொல்லே இல்லை. புதிதாக வருவோர் ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்டுதல் வேண்டும் என்பதே அதன் விதி. ஆதலின், தமிழில் ஆழ்ந்த புலமையுடையாரும் டர்பன் துறைமுகத்தில் எழுத்தறியாதவராகவே கொள்ளப்படுவர். ஒப்பந்தக் கூலிகளாக வருவார்க்கோ இத்தேர்வு இல்லை. கல்வியைக் கேட்ட சட்டம் உழைப்பைத் தடுக்கவில்லை.

இச்சட்டம் தம்மையே குறித்தது என நேட்டால் இந்தியர் அவ்வாண்டு ஜூலையில் குடியேற்றநாட்டு அமைச்சர் சேம்பர்லேனுக்கு முறையிட்டனர். இனப்பெயர் சுட்டாத இம்முறையை அவ்வாண்டு இலண்டன் மாநாட்டில் பிற குடியேற்றநாடுகளுக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. சட்டம் நிலைபெற்றது, 1901இல் ஆஸ்திரேலியாவும் மொழித் தேர்வை மேற்கொண்டது.

முறையீட்டிற்குரிய மறுப்பு, சட்டத்தின் சொல்லமைப்பிலேயே முன்னரே அடங்கியிருந்தது எனலாம். ஆகவே, ஆவணம் ஆய்வார் அது கூறுவதனோடு கூறாது விடுத்ததனையும் நோக்குதல் வேண்டும்.