பழியும் நியாயமும்: ஒரு கிரேக்கச் சொல்லின் கதை



வன்கொடுமை வழக்குக் கொடுக்கப் போகும்போதெல்லாம் 'பழிவாங்குகிறார்கள்' என்ற பேச்சு நம் காதில் விழுகிறது. கிறித்தவர்களான நம் மக்களிடம் கூடவே ஒரு வசனமும் நீட்டப்படுகிறது: ரோமர் 12:19. பழிவாங்குவது கடவுளின் வேலை, ஆகவே வழக்கை வாபஸ் வாங்கு என்கிறார்கள். அந்த வசனம் அதைத்தான் சொல்கிறதா?

பவுல் ஏறத்தாழ கி.பி. 57இல் கொரிந்து நகரிலிருந்து இக்கடிதத்தை எழுதினார். பழிவாங்குதலுக்கு அவர் கையாண்ட சொல் 'எக்டிகேசிஸ்'. அதற்குள் இருக்கும் 'டிகே' என்ற சொல்லுக்கு நீதி என்றும் வழக்கு என்றும் பொருள். அநீதி 'அடிகியா', வழக்கின் எதிராளி 'ஆன்டிடிகோஸ்'; எல்லாம் ஒரே வேர். எக்டிகேசிஸ் என்றால் நியாயம் வழங்குவதும் ஆகும், தண்டிப்பதும் ஆகும், பழிதீர்ப்பதும் ஆகும். இடம் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இதே வேரில் வந்த 'எக்டிகோஸ்', கிரேக்க நகரங்களில் நகரத்துக்காக வழக்காடும் பொறுப்பாளரின் பெயர். கி.பி. 110ஐ ஒட்டி ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அப்படி ஒருவர் வருகிறார். 20 ஆண்டுகளுக்கு முன் நகரப் பணத்திலிருந்து ஒருவருக்குக் கொடுத்த சுமார் 40,000 தெனாரியைத் திருப்பிக் கேட்டு அவர் வழக்காடுகிறார்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தின் விதவையும் நீதிபதியிடம் இதே வினைச்சொல்லைச் சொல்லித்தான் கேட்கிறாள். தமிழ் வேதாகமம் அதை 'நியாயஞ்செய்ய' என்று எழுதுகிறது. ரோமர் 13:4இல் அதிகாரியைக் குறிக்கும் 'எக்டிகோஸ்' தமிழில் 'நீதி'யைச் செலுத்துபவன் ஆகிறான். 12:19இல் மட்டும் 'பழி'. ஆள்பவன் செய்தால் நீதி, அடிபட்டவன் கேட்டால் பழி என்று நம் காதில் ஏறியதற்கு இந்தச் சொல் மாற்றமும் இடம் கொடுத்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு தவறு என்று நாம் சொல்லவில்லை. 12:19இல் பழிதீர்க்கும் பொருள் இருக்கவே செய்கிறது. ஆனால் அங்கே 'தாமே' என்று பொருள்படும் சொல்லும் இருக்கிறது. வாதியும் நீதிபதியும் தண்டிப்பவனும் ஒருவனே ஆவதைத்தான் பவுல் தடுக்கிறார். அவரே தம் வழக்கில் இராயருக்கு மேல்முறையீடு செய்தவர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 25ஆம் அதிகாரம்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் எழுதும் நம் பெண் அரிவாளைத் தூக்கவில்லை. முதல் தகவல் அறிக்கை கேட்டுக் காவல் நிலைய வாசலில் நிற்கிறாள். அந்த விதவையும் இப்படித்தான் ஓயாமல் போய் நின்றாள். அவளை இயேசு கண்டிக்கவில்லை. சோர்ந்துபோகாமல் இருப்பதற்கு அவளையே முன்மாதிரியாகக் காட்டினார்.

இனி ரோமர் 12ஐ நம்மிடம் நீட்டுபவர்களுக்கு லூக்கா 18ஐத் திறந்து காட்டுவோம்.